பூவுக்குமா சாதி

மழை நாளில் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்கு நடக்கும்போது என் கால் முழுக்க அட்டை. பின்னால் வந்த லியனார்ட் அண்ணன் தன் சவர்க்காரக் கட்டியை என் கூடைக்குள் போட்டுவிட்டு முன்னே போய்விட்டார். அட்டை ஏறாமல் காலில் தேய்க்க அவரிடம் இருந்த சோப்பு அது ஒன்றுதான்.

அவருக்கு வேலை மருந்தடிப்பது. பொகவந்தலாவைக்கு மேலே எங்கள் தோட்டத்தில், புல் சாகிற மருந்தை இருபத்திரண்டு வருடம் டாங்கியில் சுமந்தார். முதுகுத் தோல் வெந்து உரிந்தது. இருமல் பூசையிலும் நிற்காது.

போன வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து ஜெனுஷா மிஸ் வந்தார். உச்சிப் புல்வெளியில் முளைக்கும் ஒரு சின்ன ஊதாப் பூ எங்கெங்கே இருக்கிறது என்று அவர் வரைபடத்தில் குறிக்க வேண்டும். அண்ணன் மூன்று ஞாயிறு கூட நடந்து ஏழு இடம் காட்டினார்.

"இந்தப் பூவோட சாதி வடதுருவத்துல, நெலமே ஒறைஞ்சு கெடக்குற எடத்துலயும் இருக்கு. இனம்தான் வேற," என்றாராம் மிஸ். ஏழு இடமும் சித்திரை வரை அழியாமல் இருந்தால் வேலி போடுவார்கள், காவலுக்கு அண்ணனையே வைக்கச் சொல்லி எழுதுவேன் என்றும் சொல்லியிருக்கிறார். டாங்கியை இறக்கி வைக்க அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

சந்தோஷத்தில் லயத்து வீடுகளில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

"பூவுக்குமா சாதி பாக்குறீங்க?" என்றார் முத்துலிங்கம் கங்காணி. "நம்ம சாதியா, ஒசந்த சாதியா?"

"பொஸ்தகத்துல பூக்கூட்டத்துக்கு அப்படித்தாங்க பேரு."

ஏழு இடத்திலும் அடையாளத்துக்குக் கட்ட மிஸ் வெள்ளைத் துணி கொடுத்திருந்தார். பனி மூட்டத்தில் வெள்ளை தெரியாது என்று அண்ணன் சிவப்பைக் கட்டினார். எங்கள் தோட்டத்தில் சிவப்பு கட்டினால் அங்கே மருந்தடிக்க வேண்டும் என்று அர்த்தம். அந்த மலைக்கு மருந்தடிப்பவன் தான் ஒருவன்தானே என்று இருந்துவிட்டார்.

பங்குனியில் ஒரு நாள் இருமலைக் காட்ட அவர் ஹட்டனுக்குப் போனார். கங்காணி மருந்தடிக்க வேறு ஆளை மேலே அனுப்பினார். தெரியாமல் அனுப்பவில்லை. மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் சொன்னார்:

"லியனார்ட்டு, ஒங்க பூவோட சாதிய ஒழிச்சாச்சு. செவப்பு கட்டுனா அடிக்கிறதுதானே வழக்கம்?"

பெரட்டே சிரித்தது. ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும், நானும் சிரித்தேன்.

மிஸ் வந்து கருகிய புல்லைப் பார்த்தார். படத்தில் ஏழு இடத்தையும் கோடு போட்டு அடித்தார். "அப்ப இங்க இல்லன்னு போட்டுக்கிறேன்," என்றார். அதற்குப் பிறகு வரவில்லை. அண்ணன் மறுபடி டாங்கியைத் தூக்கினார்.

ஆவணியில் ரத்தமாகத் துப்பினார். ஆஸ்பத்திரியிலிருந்து சவப்பெட்டியில்தான் திரும்பி வந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று, லொறியில் ஏற்றும்போது நான் ஜெபமாலையை அவர் கையில் வைத்தேன். மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார்:

"டாங்கியக் கழுவிக் கவுத்து வச்சிருக்கேன் தங்கச்சி. அடுத்துத் தூக்குறவனுக்கு மூஞ்சியில கட்ட ஒரு துணி குடுக்கச் சொல்லுங்க."