நாற்பத்தொரு மணி நேரம் ஓடிய வண்டி

வெளியே எல்லோரும் அவரை மீட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். தண்ணீர் ஆபீஸில் இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதுகிற வேலை. குழிக்குள் குனிந்து, மூடியில் படிந்த சேற்றைத் துடைத்து, எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் சீலைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவார். கம்பியில் கோத்து நசுக்கிய அந்த ஈயப் பொட்டு அப்படியே இருந்தால்தான் எண்ணுக்கு மதிப்பு. அறுந்திருந்தால், வீட்டுக்காரர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், "சீல் இல்லாத மீட்டர் மீட்டரே இல்லைங்க" என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். கையைப் பிடித்தாலும் சரி, காலைப் பிடித்தாலும் சரி, மசிய மாட்டார். மனிதர்கள் பொய் சொல்வார்கள், மீட்டர் சொல்லாது என்பது அவர் கட்சி.

வீட்டில் இந்தக் கெத்து செல்லுபடியாகவில்லை. சலவைக் கடையில் துணி தேய்க்கும் மனைவியும் பதினாறு வயது மகளும் எதையும் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டு, பிறகு அவருக்குத் தகவல் சொல்வார்கள். அவரும் தலையாட்டுவார். தலையாட்டுவதில் அவருக்கு நிகர் அவர்தான்.

மண்மேடு தாவுகிற டர்ட் பைக் வாங்கும் விஷயம் மட்டும் அவரிடம் வந்து நின்றது. செங்கல் சூளைக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் மகள் ஒரு வருடமாக இரவல் வண்டியில் ஏறி, தாவி, விழுந்து பழகியிருந்தாள். சொல்லிக்கொடுத்தது டயர் கடையில் வேலை பார்க்கும் முப்பது வயதுப் பெண். பெயரே டயர் அக்கா என்று ஆகிவிட்டது. இனிமேல் சொந்த வண்டியோடு வந்தால்தான் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் இடம் என்று டயர் அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். வீட்டில் மனைவி முடியவே முடியாது என்றாள். மகள் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள் மனைவி இறங்கி வந்து கணவனைப் பார்த்தாள்.

"நம்ம கையில இருக்கறதுக்குப் பழசுதான் வரும். ஓடும்போது நடுவுல ஏதாவது கழண்டுச்சுன்னா இவ எலும்புதான் உடையும். அதனால நீங்க பாருங்க. நீங்க பாத்து நல்லா இருக்குன்னு சொன்னா, நான் வாயே தொறக்க மாட்டேன்."

"நான் பாக்கறேன்," என்றார் மீட்டர். இரண்டே வார்த்தைதான். அன்று ஆபீஸுக்கு நடந்து போகும்போது அவருக்கு முழங்கால் வலியே தெரியவில்லை.

முதலில் பார்த்த வண்டிக்கு விலை எட்டவில்லை. இரண்டாவதில் விலை எட்டியது, வண்டிதான் எட்டவில்லை. அதில் பாதி, கழற்றிய உருப்படிகளாகச் சாக்குப் பைக்குள் கிடந்தது. மூன்றாவது, தரை ஓடு பதிக்கிற ஒருவரின் வீட்டுக் கொட்டகையில் பளபளவென்று நின்றது. புது ஸ்டிக்கர், புதுப் பெயின்ட், கழுவித் துடைத்த டயர். புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்றே செய்த சின்ன வண்டி. மகளின் கால் தரையைத் தொட்டது.

"எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்று கேட்டார்.

"இந்த வண்டிக்குக் கிலோமீட்டரெல்லாம் கிடையாது சார். மணிக்கணக்குதான். இங்க பாருங்க," என்று ஓடு பதிக்கிறவர் சீட்டுக்குக் கீழே காட்டினார். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி ஒட்டியிருந்தது. சின்னக் கண்ணாடிக்குள் 41 என்று எண்.

மீட்டருக்கு உச்சி குளிர்ந்துபோனது. பல்லும் சக்கரமுமாக ஒன்றும் புரியாத ஊரில் திடீரென்று தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்துவிட்டார். கண்ணாடியைத் துடைத்து, தலையைச் சாய்த்து, தொழில்காரன் பார்வை பார்த்தார். "நாப்பத்தொரு மணி நேரம். ஒரு வண்டிக்கு அது என்ன பெருசு," என்று மகளிடம் சொன்னபோது வாயெல்லாம் பல்.

மகள் குனிந்து, கால் வைக்கிற கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாள். பிறகு செயின் ஓடும் பல்சக்கரத்தைப் பார்த்தாள். இன்ஜின்மேல் கையை வைத்து, சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"என்னம்மா?"

அவள் அப்பாவின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். "ஒண்ணுமில்லப்பா. நல்லா இருக்கு."

வண்டி வீட்டுக்கு வந்தது. மனைவி அதைத் தொடவில்லை, அவரைத்தான் பார்த்தாள். "பாத்தீங்களா?"

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டுப் பாத்தேன். பயப்படாத," என்றார்.

ஞாயிறு காலையில், மனைவி சலவைக் கடைக்குப் போன பிறகு, வண்டி கிளம்ப மறுத்தது. உதைத்து உதைத்து மகளுக்கு மூச்சு வாங்கியது. கடைசியில் தள்ளிக்கொண்டே மண்மேட்டுக்குப் போனார்கள். டயர் அக்கா வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். முன்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். அது கடகடவென்று ஆடியது. கால் கம்பி பிடித்திருக்கும் இடத்தில் பெயின்டை நகத்தால் சுரண்டினாள். உள்ளே பழைய வெல்டிங்கும், அதன் குறுக்கே முடிபோல ஓடிய விரிசலும் தெரிந்தன.

"சார், இதுல ஏறி ஒரு குதி குதிச்சா கால் கம்பியோட கையில வந்துடும். இது என்ன நாப்பது மணி நேரமா? கால் கம்பியில பல்லே இல்ல, வழவழன்னு தேஞ்சு கெடக்கு. எத்தனை வருஷ வண்டியோ."

"மீட்டர்ல நாப்பத்தொண்ணு..." என்று ஆரம்பித்தார்.

டயர் அக்கா அந்தப் பெட்டியைப் பிடித்து இழுத்தாள். பசை இன்னும் புதிதாக இருந்தது, தாளைப் போல உரிந்து வந்தது. "இது கடையில தனியா கெடைக்கும் சார். எதுல வேணும்னாலும் ஒட்டிக்கலாம்."

அதை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவருடைய கட்டைவிரல் தானாகவே அதன் ஓரத்தைத் தடவியது. சீல் இல்லை, கம்பி இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை வீட்டுக்காரர்களைக் கையும் களவுமாகப் பிடித்தவர், தன் பிள்ளையின் உயிரை வைக்கிற இடத்தில் கோட்டைவிட்டிருந்தார். ஓடு பதிக்கிறவரைப் போனில் பிடித்தார். "நீங்க பாத்துத்தான சார் வாங்குனீங்க," என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். மீட்டர் பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் மகள்தான் பேசினாள். "கால் கம்பிய நான் அங்கயே பாத்தேன்பா. ஆறிப்போனா கெளம்பாதுன்னு, நாம போறதுக்கு முன்னாடியே இன்ஜின ஓட்டிச் சூடாக்கி வெச்சிருந்தாங்க. அதுவும் தெரிஞ்சுது."

அவர் வண்டியைத் தள்ளுவதை நிறுத்தினார். "ஏன் சொல்லல?"

"மொதல்ல, இதுவும் போச்சுன்னா வேற கெடைக்காதுன்னு நெனச்சேன். அப்புறம்... அந்த மீட்டரப் பாத்ததும் நீங்க சிரிச்சீங்கல்ல. வீட்டுல உங்கள யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல. இதைத்தான் கேட்டோம். அதுலயும் தப்புன்னு எப்படிப்பா சொல்றது?"

"டயர் அக்கா பாக்கலன்னா ஏறியிருப்பியா?"

அவள் யோசிக்கக்கூட இல்லை. "ஏறியிருப்பேன்."

அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து மறுபடி வண்டியைத் தள்ள ஆரம்பித்தார்.

மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். மகள் நடந்து வருவதை, கை கால் எல்லாம் சரியாக இருப்பதை, மேலிருந்து கீழ்வரை பார்த்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "எப்படி ஓடுச்சு?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "சூப்பரா ஓடுச்சும்மா. அப்பா பாத்து வாங்குன வண்டியாச்சே."

எவ்வளவு சரளமாகச் சொல்லிவிட்டாள். திருட்டு இணைப்பு வைத்திருப்பவர்கள்கூட அவரிடம் சொல்லும்போது ஒரு எச்சில் விழுங்குவார்கள். இவள் விழுங்கவில்லை. மனைவியின் முகம் தெளிந்தது, உள்ளே போகத் திரும்பினாள்.

"இரு," என்றார் மீட்டர். "ஓடல. வண்டி ஒடஞ்ச வண்டி. நான் சரியா பாக்கல."

மனைவி திரும்பி மகளைப் பார்த்தாள். "அப்ப இவ நல்லா ஓடுச்சுங்கறா?"

"எனக்காகச் சொல்றா." சட்டைப் பையிலிருந்து கறுப்புப் பெட்டியை எடுத்து மனைவியின் கையில் கொடுத்தார். "எனக்காக இந்த வண்டியில ஏறியும் இருப்பா."

மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வண்டி போனதற்காக ஒரு சொட்டுக்கூட அழாத மகள், அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.