கானுக்குள் இறங்கியவர்கள்

மகளின் நெஞ்சில் யூகலிப்டஸ் தைலம் தடவும்போதெல்லாம் அந்தக் காடு மணக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர் லயத்திலிருந்து மலையேறி, சருகு நொறுங்க, அம்மா அப்பாவோடு நான் குளத்துக்கு இறங்கிப் போன, இன்று காய்கறித் தோட்டமாகிவிட்ட காடு. ஒருநாள் குளக்கரையில் என் வகுப்புத் தோழி தன் பெற்றோரோடு எதிரே வந்தாள். தொப்பியும் காற்சட்டையுமாக வந்த அவள் அப்பாவைக் கண்டதும், தேயிலைத் தோட்டத்தில் துரைக்கு வழிவிடுகிற பழக்கத்தில், அம்மாவும் அப்பாவும் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நின்றார்கள். நான் இறங்கவில்லை.

“யாரு அவங்க?” என்றாள் தோழி.

“தெரியாது.”

திரும்பும்போது அம்மா திட்டவில்லை. காட்டு முனையில் நின்று, “ஆளுங்க வர்றாங்க. நீ முன்னால போ கண்ணு, நாங்க பின்னாடி வர்றோம்” என்றாள்.

நான் போனேன்.