பதினாலாம் நம்பர் சாக்கெட்

காலை பத்து இருபதுக்கு அக்காவின் போன் வந்தது. "டேய், உங்க அத்தான்..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. பின்னால் யாரோ அழுதார்கள். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. இனி அவரிடம் சொல்ல வேண்டியதில்லை என்ற நிம்மதி. அதை நினைத்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று இப்போதும் தெரியவில்லை.

அத்தான் ஜீப் மெக்கானிக். மலைத்தடங்களிலும் குவாரிகளிலும் ஓடி அடிபட்ட வண்டிகள்தான் அவரிடம் வரும். 'காது' என்று அவருக்குப் பட்டப்பெயர். சத்தம் என்று யாராவது வந்தால் உடனே எதையும் கழற்ற மாட்டார். ஒரு முழ ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் செருகி, மறுமுனையை வண்டியின் உடம்பெல்லாம் நகர்த்துவார். சந்தேகப்பட்ட இடத்தில் சாக்பீஸால் வட்டம். இல்லையென்று தெரிந்தால் குறுக்கே ஒரு கோடு.

"என் முனகல் மட்டும் அந்தக் காதுல விழாது" என்பாள் அக்கா.

"விழுதே. ரிப்பேர்தான் தெரியல" என்பார்.

போன வருஷம் என் ஜீப்பில் ஒரு சத்தம். நில அளவை வேலையாகக் கரடுமுரடான பாதையில் போனால் பின்பக்கம் 'டக் டக்'. தார் ரோடு ஏறினால் வாயே திறக்காது. மூன்று ஞாயிறு நான் ஓட்ட, அத்தான் பின்னால் குழாயோடு மல்லாந்து படுத்து வந்தார்.

"பள்ளத்துல இறக்கு மச்சான். மெதுவா! எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்கக்காவுக்கு நீதான் பதில் சொல்லணும்."

ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் பட்டை, சைலன்சர் என்று பதினோரு வட்டம் போட்டார். பதினொன்றுக்கும் கோடு விழுந்தது.

"நீ எதையாவது கழட்டினியா?"

"நானா? எனக்குக் காத்தடிக்கவே தெரியாது அத்தான்."

மூன்றாவது ஞாயிறு பட்டறை வாசலில், அவருடைய வாடிக்கைக்காரர்கள் இருவர் நிற்கும்போதே சொன்னேன்: "போன சர்வீஸ்ல உங்க சாமான் எதையாவது உள்ளேயே விட்டுட்டீங்களோ? காது மட்டும் இருந்து என்ன, கண்ணு வேணாமா?"

அவர்கள் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். பிறகு உள்ளே போய், எப்போதாவது மட்டும் எடுக்கும் சாமான் பெட்டியைத் திறந்தார். நட்டு முடுக்கும் சாக்கெட்டுகள் வரிசையாகப் பதிந்திருக்கும் தட்டில், பதினாலாம் நம்பர் குழி காலி.

திரும்பி வந்தவர் குரல் இறங்கியிருந்தது. "நீ சொன்னது சரிதான் மச்சான். வயசாயிடுச்சு போல." ஜீப்பின் இடது பக்க உள்தகட்டில் பன்னிரண்டாவது வட்டத்தைப் போட்டார். "இதுக்குள்ளதான் விழுந்திருக்கும். அடுத்த வாரம் திறக்கறேன்."

எனக்குப் பொறுமை இல்லை. புதன்கிழமை நானே திறந்தேன். சாக்கெட் உள்ளே கிடந்தது, அதன் மேல் பச்சை டேப் சுற்றியிருந்தது. டேப் என்னுடையது. கையில் வழுக்குகிறதென்று நான் சுற்றியது. இரண்டு மாதத்துக்கு முன்னால், அத்தான் மதியம் தூங்கும்போது கேட்காமல் எடுத்து வந்து பின்சீட்டு போல்ட்டை முடுக்கியிருக்கிறேன். கைதவறி எங்கோ விழுந்தது. தேடிப்பார்த்து, அப்புறம் சொல்லலாம் என்று விட்டு, மறந்தும் போனேன்.

போனில் அவரிடம், "சத்தம் தானா நின்னுடுச்சு அத்தான்" என்றேன்.

"அது தானா நிக்கற சத்தம் இல்லையே. சாக்கெட் கிடைச்சுதா?"

"இல்ல. வழியில எங்கயாவது விழுந்திருக்கும்."

அதன்பிறகு பதினோரு மாதம் இருந்தார். ஒவ்வொரு வேலை முடிந்ததும் சாமான்களை மூன்று தடவை எண்ணினார். சத்தம் என்று வந்த வண்டிகளை அடுத்த தெரு பட்டறைக்கு அனுப்பினார். "எனக்கு இப்ப ஞாபகம் சரியில்லப்பா" என்று என் காதுபடவே சொல்லியிருக்கிறார். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்து, நேற்று அக்கா அவர் பெட்டியை என்னிடம் கொடுத்தாள். அந்த அடுத்த தெரு மெக்கானிக் எடுத்துக்கொள்கிறாராம். படித்தவன் என்பதால் பட்டியல் எழுதும் வேலை எனக்கு.

"பதினாலு மட்டும் இருக்காதுடா. அதைத் தொலைச்சதுலேர்ந்துதான் மனுஷன் தன்னையே நம்பாம போயிட்டார்."

"சரிக்கா" என்றேன்.

சாக்கெட் பச்சை டேப்போடு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. குழியில் வைத்துவிட்டு, எங்கேயோ கிடந்தது என்றால் அக்கா நம்புவாள். அவருக்குச் செய்தது போதாதென்று அவளுக்கும் ஒரு பொய்.

எட்டாம் நம்பரிலிருந்து இருபத்திரண்டு வரை எழுதிவிட்டேன். பதினாலுக்கு எதிரே மட்டும் இன்னும் எழுதவில்லை.