என் மகளை என்னிடம் தர மறுத்தவர்

1979ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம், கண்டி. பெரஹரத் திருவிழா முடிந்து, பாடசாலைகள் மூன்றாம் தவணைக்குத் திறந்திருந்தன. அன்று சனிக்கிழமை. சரியான திகதியும் என்னிடம் இருக்கிறது, ஆனால் வாசிப்பவருக்கு அது தேவைப்படாது. அன்று பிற்பகல் நல்ல மழை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

அப்போது எனக்குப் பொலன்னறுவைப் பக்கம் நீர்ப்பாசன வேலை. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில், மடவளை வீதியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். மாதத்துக்கு ஒருமுறைதான் நான் வருவேன். எட்டு வயது மகளைப் பெண்பிள்ளைகளுக்கான ஏதாவது ஓர் அமைப்பில் சேர்ப்பது என்று முடிவாகியிருந்தது. எதில் சேர்ப்பது என்பதில்தான் எங்களுக்குள் இழுபறி.

நான் பாடசாலையில் இருந்த சாரணியர் அணியின் கட்சி. பழைய அணி, கூடாரங்கள், கொடிகள், கேடயங்கள். எதையும் அது தொடங்கிய ஆண்டைக் கேட்டு மதிப்பது என் சுபாவம். மனைவியோ நகரத்துத் தேவாலயம் ஒன்றில் நடந்த சிறுமியர் சங்கத்தின் கட்சி. அதுவும் சாரணியம் போன்றதுதான்: சீருடை, உறுதிமொழி, முடிச்சு, முதலுதவி, சட்டையில் குத்தச் சின்னங்கள். கூடவே வேத வசனமும் ஜெபமும். தொடங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை, கூடாரம் ஒன்றும் இல்லை. நாங்களும் கிறிஸ்தவர்கள்தான். ஆனாலும் ஜெபத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போதும், சனிக்கிழமையில் பிள்ளை கூடாரம் அடிக்கப் பழகட்டும் என்பது என் வாதம்.

"ஒருக்கா வந்து பாருங்கோவன். பாத்திட்டு வேண்டாம் எண்டு சொல்லுங்கோ" என்று மனைவி சொல்லியிருந்தார். மகளைச் சில கிழமைகள் அங்கே அனுப்பியும் பார்த்தார். பாடசாலை அணிக்குப் பெயர் கொடுக்க அடுத்த திங்கட்கிழமை கடைசி நாள். ஆகவே அந்தச் சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல், பெட்டியோடு நேரே தேவாலய மண்டபத்துக்குப் போனேன். பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்வதுதான் என் நோக்கம்.

உள்ளே பிள்ளைகள் ஒருவருக்கொருவர் முக்கோணத் துணியால் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமியின் தலைக்காயக் கட்டில் அவளுடைய மூக்கும் சேர்ந்து கட்டுப்பட்டிருந்தது. நடத்தியவர் இளம் பெண், மலைத்தோட்டப் பக்கத்துத் தெல்தோட்டைக்காரர், நகரத்துக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞர் வேலை. பிள்ளைகள் அவரை "அக்கா" என்றார்கள். மண்டபத்தில் ஓட்டைக் கூரையும் சில கதிரைகளும் தவிர வேறொன்றும் இல்லை. என் தீர்மானம் இன்னும் உறுதியானது.

கடைசி ஜெபம் முடிந்ததும் அவர் வாசலுக்கு வந்து நின்றார். ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லி அழைத்து, அவளுடைய கையைப் பிடித்து, வந்திருந்த தாயின் கையிலோ தகப்பனின் கையிலோ வைத்து அனுப்பினார். என்ன இது, பரிசளிப்பு விழாவா என்று நினைத்துக்கொண்டேன். என் மகளின் முறை வந்ததும் நானும் கையை நீட்டினேன்.

"நீங்க யாரு, ஐயா?"

"தகப்பன்."

"அம்மாதான் வருவேன்னு சொல்லிட்டுப் போனாங்க. உங்கள நான் பார்த்ததில்லையே. கோவிச்சுக்காதீங்க, அவங்க வரும்வரைக்கும் உட்காருங்க."

நான் அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தேன். என் பெயர்தான் மகளுக்கும் இரண்டாவது பெயர். அவர் அட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அட்டையிலிருந்த படத்தில் எனக்கு மீசை இல்லை.

"அக்கா, இது எங்கட அப்பாதான். மீசை மட்டும் புதுசு" என்றாள் மகள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பிடித்த கையை விடவில்லை.

"நீ சொல்றத நம்புறேன்டா. ஆனா நாளைக்கு இன்னொரு பிள்ள, தெரியாத ஒருத்தரக் காட்டி 'எங்க மாமா'ன்னு சொல்லும். அப்போ நான் என்ன செய்றது?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. திங்கட்கிழமை மகளைப் பாடசாலை அணியில் சேர்க்கிறேன், அதோடு இந்தச் சங்கத்துக்கும் எங்களுக்கும் உறவு முடிந்தது என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடியது. "அது உங்க இஷ்டம், ஐயா. இன்னைக்கு மட்டும் என் பொறுப்பு" என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். யாரோ கொண்டுவந்து வைத்திருந்த தேநீரையும் எனக்கே ஊற்றிக் கொடுத்தார். கோபத்தோடு தேநீர் குடிப்பது மிகவும் கஷ்டமான காரியம்.

மற்றப் பிள்ளைகள் எல்லோரும் போய்விட்டார்கள். மழை பிடித்துக்கொண்டது. மனைவி வரவில்லை. அக்கம்பக்கத்தில் எங்கும் தொலைபேசியும் இல்லாத காலம். கடைசியில் அவர் மண்டபத்தைப் பூட்டி, குடையை எடுத்தார். "வாங்க, நானும் வீடு வரைக்கும் வாறேன்."

கண்டி வீதியில் அந்த மழைக்குள் நாங்கள் நடந்த கோலத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. முன்னால் ஒரே குடைக்குள் அவரும் என் மகளும், கைகோர்த்தபடி. பின்னால் பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, என் மகளுக்கு யாரோ ஒருவனாக நான். அப்படியே மடவளை பஸ்ஸில் ஏறினோம். மாதாமாதம் என்னைக் கண்டு பழகிய முஸ்லிம் நடத்துநர், "என்ன சேர், மகள்ட கைய வேற ஆள்ட்ட குடுத்துட்டு நீங்க பின்னுக்கு நனைஞ்சி வாறீங்க?" என்று கேட்டார்.

"நான்தான் தகப்பன் எண்டு இவவுக்குச் சொல்லுமன்" என்றேன்.

"அட, இவருதான் வாப்பா, தங்கச்சி! நான் சாட்சி!"

"சந்தோஷம் அண்ணே" என்றார் அவர். கையை அப்போதும் விடவில்லை. தன் டிக்கெட்டைத் தானே எடுத்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் மனைவி, காய்ச்சலில் முனகும் சின்னவனைத் தோளில் போட்டபடி நின்றார். மகளைக் கண்டதும் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். குழந்தையை விட்டு வர வழியில்லாமல், அனுப்ப ஆளுமில்லாமல், அந்த ஒரு மணித்தியாலம் அவர் பட்ட பாட்டை அவருடைய முகமே சொன்னது.

"அக்கா, இவரு யாரு?" என்று கேட்டார் வந்தவர்.

மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தார். நனைந்த கோழி போல நின்றேன். "இவரோ? மாசத்துக்கு ஒருக்கா வாற விருந்தாளி, தங்கச்சி."

மூன்று பேரும் சிரித்தார்கள். பிறகுதான் அவர் மகளின் கையை மனைவியின் கையில் வைத்தார். என்னிடம் திரும்பி, "மன்னிச்சுக்கங்க ஐயா, திங்கக்கிழம பாடசாலையிலேயே சேர்த்துடுங்க. அங்கயும் நல்லாப் பார்த்துக்குவாங்க" என்றார். உள்ளே வரச் சொன்னோம். திரும்பிப் போகும் பஸ் தவறிவிடும் என்று மழைக்குள் இறங்கிவிட்டார்.

அன்றிரவு சாப்பிட உட்கார்ந்தோம். நானாகவே, "அடுத்த சனி என்னையும் கூட்டிக்கொண்டு போய் அவவுக்குக் காட்டும். இல்லாட்டி ஒவ்வொரு மாசமும் நனைய வேண்டி வரும்" என்றேன். வேலைக்குத் திரும்பும் நாளைத் தள்ளிப் போட்டு, அடுத்த சனிக்கிழமை வாசலில் நின்றேன். மனைவி என்னைக் காட்டி, "இவர்தான் தகப்பன்" என்றார். அவர் மகளின் கையை என் கையில் வைத்தார். அது எனக்குக் கிடைத்த பரிசாகவே இருந்தது.

பல ஆண்டுகள் கழித்து, தேவாலயத்தில் மகளின் கையை மணமகனின் கையில் வைக்க வேண்டிய நேரம். எனக்குக் கை நீளவில்லை. அந்தப் பையனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். குருவானவர் இருமினார். மகள் மட்டும் விளங்கிக்கொண்டு, "அப்பா, இவருக்கு மீசை பழசுதான்" என்று காதோடு சொன்னாள்.

பிள்ளையை எந்த இடத்தில் சேர்ப்பது என்று இன்று யாராவது என்னிடம் கேட்டால், அது தொடங்கிய ஆண்டை நான் விசாரிப்பதில்லை. எல்லாம் முடிந்து பிள்ளைகள் கலைகிற நேரத்தில் வாசலில் போய் நில்லுங்கள், உங்கள் பிள்ளையை உங்களிடம் எப்படித் தருகிறார்கள் என்று பாருங்கள் என்கிறேன்.