மூன்று வண்டியிலும் ஒரே விசில்

என் அக்கா கணவருக்கு எங்கள் வட்டாரத்தில் 'ஸ்டெதாஸ்கோப்' என்று பெயர். படித்து வாங்கிய பட்டம் ஒன்றும் இல்லை. ஓடுகிற எஞ்சின் மேல் நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி, உலகமே தன்னைப் பார்க்கிறது என்ற நினைப்பில் இரண்டு நிமிடம் நிற்பார். பிறகு, "வாட்டர் பம்ப் பேரிங்" என்பார். பிரித்துப் பார்த்தால் அதுதான். இந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு அவர் செய்த அலட்டல் கொஞ்சநஞ்சமில்லை. நாற்பது வயதில் மீசையும் தொப்பையுமாக நான் அவர் ஷெட்டில் ஸ்பேனர் பிடிக்கிறேன். எனக்கும் காது இருப்பதாக அவர் ஒத்துக்கொண்டதே இல்லை. "உனக்கெல்லாம் அது கண்ணாடி மாட்டத்தான்" என்பார்.

எஞ்சினின் வியாதியெல்லாம் சொல்லத் தெரிந்த மனிதருக்குத் தன் நெஞ்சில் காசநோய் இருந்தது நாலு மாதம் தெரியவில்லை. டாக்டர் ஆறு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தார். இரண்டாம் மாதம் இருமல் நின்றது. மாமா மாத்திரையையும் நிறுத்திவிட்டார். "ஓடுற வண்டியை எதுக்குப் பிரிக்கணும்?" என்று எங்களுக்கு விளக்கம் வேறு. அடுத்த வருடம் நோய் பழைய மாத்திரைக்கு மசியாத முரடாகத் திரும்பி வந்தது. இந்த முறை கை நிறைய மாத்திரை, கூடவே தினமும் காலையில் ஓர் ஊசி.

ஊசியைத் தொடங்கும் முன்பே டாக்டர் ரத்தம் எடுத்தார், காதைச் சோதித்தார். "இந்த மருந்து கிருமியைக் கொல்லும். சில பேருக்குக் காதையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். காதுல இரைச்சல், தலைசுத்தல், சிறுநீர் குறையறது, எது வந்தாலும் அன்னிக்கே சொல்லணும். நீங்களா கடையில வலி மாத்திரை வாங்கி முழுங்கக் கூடாது" என்றார். மாமா பெரிதாகத் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் காதில் வாங்கவில்லை என்று அர்த்தம். இது அக்காவின் இருபது வருடப் புகார்.

சுகாதார நிலையத்தில் ஊசி போடும் நர்ஸ் கறாரான அம்மா. தினமும் சிரிஞ்சை எடுக்கும் முன் ஒரு தாளை எடுப்பார். "காதுல இரையுதா?"

"இல்ல சிஸ்டர்."

"தலை சுத்துதா?"

"எனக்கா?" என்று மாமா சிரிப்பார். நர்ஸும் 'இல்லை' என்று எழுதிக்கொள்வார்.

மூன்றாவது வாரம் ஒரு பள்ளி வேன் வந்தது. மாமா காதை வைத்தார். "மெல்லிசா ஒரு விசில் வருது. டைனமோ பேரிங்." கழற்றினோம். பேரிங் புதுசு போல மின்னியது. இரண்டு நாள் கழித்து ஒரு டாக்சி. அதிலும் விசில். வாட்டர் பம்பைப் பிரித்தோம், அது என்னைவிட ஆரோக்கியமாக இருந்தது. டாக்சிக்காரர் ஷெட் வாசலில் நின்று, "நல்லா ஓடிட்டு இருந்த வண்டிய எதுக்கய்யா கொத்துறீங்க?" என்று வாய்க்கு வந்தபடி கத்திவிட்டுப் போனார். மூன்றாவதாக ஒரு தண்ணீர் லாரி. அதன் பெல்ட், புல்லி எல்லாவற்றையும் தரையில் பரப்பினார். ஒன்றிலும் குறை இல்லை. திரும்பப் பூட்டியது யார்? நான்தான். மூன்றையும் நான்தான் பூட்டினேன், மனசுக்குள் அவர் பரம்பரையையே திட்டிக்கொண்டு.

பூட்டி முடித்ததும் மறுபடி காதை வைத்தார். கண்ணை மூடினார். "இன்னும் இருக்குடா."

"மாமா, எஞ்சினை இன்னும் ஸ்டார்ட் பண்ணலை. பேட்டரி அந்த மேஜை மேல இருக்கு."

அவர் கண்ணைத் திறந்தார். ஆச்சரியப்படுவார் என்று நினைத்தேன். அப்படியொன்றும் தெரியவில்லை. திருடும்போது பிடிபட்டவர் மாதிரி நின்றார்.

வீட்டுக்குப் போனதும் அறிவித்தார்: "நாளையிலேர்ந்து ஊசியும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. இந்தக் காது போச்சுன்னா அப்புறம் நான் யாரு?"

அக்கா கையில் இருந்த பாத்திரத்தைத் தரையில் வைத்தாள். நல்லவேளை, எறியவில்லை. "போன தடவையும் நீங்களேதான் நிறுத்துனீங்க. அதனாலதான் இந்த ஊசி. இப்ப இதையும் நீங்களே நிறுத்துறீங்களா? நாளைக்கு டாக்டர்கிட்ட வாயைத் திறந்து சொல்றீங்க. இல்லன்னா நான் சொல்றேன். நான் சொன்னா எப்படிச் சொல்வேன்னு தெரியுமில்ல?" மாமாவுக்குத் தெரியும்.

மறுநாள் மாமா டாக்டரிடம் இரைச்சலைச் சொன்னார். ஊசிக்கு முன் அவரை ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். வெளியே, சத்தத்தை அனுப்பப் பொத்தானை அழுத்துபவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். சத்தமே அனுப்பாதபோது சில சமயம் கை உயர்ந்தது. மெல்லிய கீச்சு ஒலிகளை அனுப்பியபோது, தன்னம்பிக்கையோடு, கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் ஊசி தொடங்கும் முன் எடுத்த காதுச் சோதனைத் தாளையும் இன்றைய தாளையும் அருகருகே வைத்தார். "ஊசியை இன்னியோட நிறுத்திடறோம். அதுக்குப் பதிலா வேற மாத்திரை தரேன். மத்த மாத்திரை ஒண்ணைக்கூட விடக் கூடாது. கீச்சுன்னு வர்ற மெல்லிய சத்தத்தைக் கேக்கற சக்தி போயிடுச்சு. அது பெரும்பாலும் திரும்பாது. இருக்கறதையாவது காப்பாத்தப் பாக்கலாம். இரைச்சல் வந்த அன்னிக்கே சொல்லியிருந்தா இவ்வளவு போயிருக்காது."

நர்ஸ் தன் தாளைப் புரட்டினார். வரிசையாக 'இல்லை', 'இல்லை', 'இல்லை'. "தினமும் கேட்டேனே ஐயா" என்றார். அந்தக் கறார் குரல் உடைந்திருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா முன்னால் உட்கார்ந்தாள், நாங்கள் இருவரும் பின்னால். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஏன் மாமா, காதுலதான் விசில்னு அந்த லாரி வர்ற வரைக்குமா உங்களுக்குத் தெரியலை? ஊருக்கே வைத்தியம் பாக்கறீங்க?"

"அந்த வேன் வர்றதுக்கு முன்னாடியே தெரியும்டா. படுத்தாலும் கேட்டுச்சு, குளிச்சாலும் கேட்டுச்சு."

"அப்புறம் எதுக்கு மூணு வண்டியையும் பிரிச்சீங்க?"

"ஒண்ணுலயாவது இருந்துடாதான்னுதான்."