தோணி ஏறிய பொட்டி

ஏரித் தண்ணீர் வடிந்த வயல்களில் நெற்பயிர் அழுகிய வாடைக்கு நடுவே அன்று காலை மீனெண்ணெய் வாடையும் வந்தது. அது எங்கிருந்து வருகிறதென்று பார்க்க வரப்பில் ஓடிய நான், எங்கள் நிலத்தின் நடுவில் ஒரு சின்னப் பாய்த்தோணி ஒருக்களித்துக் கிடப்பதைக் கண்டேன். புயலில் பழவேற்காட்டு ஏரி பொங்கி எங்கள் ஊரான காட்டூருக்குள் ஏறியபோது, யாருடைய தோணியையோ தூக்கி வந்து எங்கள் வயலில் போட்டுவிட்டுப் போயிருந்தது.

அப்பாவை நாங்கள் 'நைனா' என்போம். நைனா தோணியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பயிர் மொத்தமும் போய்விட்டது. ஏரித் தண்ணீர் விட்டுப்போன உப்பைக் கழுவி மறுபடி உழுதால்தான் அடுத்த போகமாவது தேறும். "யாரும் வரலன்னா வெட்டி வெறகாக்கிட வேண்டியதுதான்" என்று அம்மாவிடம் சொன்னார்.

ஆனால் ஆள் வந்தது. கன்னியம்மா என்ற பெண், ஏரிக்கரை மீனவர் ஊரான தோணிரேவிலிருந்து ஊர் ஊராக விசாரித்துக்கொண்டே நடந்து வந்திருந்தாள். புயலில் கை ஒடிந்த அவள் புருஷன் ஆஸ்பத்திரியில் இருந்தான். சேற்றில் இறங்கிப் பலகைகளைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான் கீதுண்ணே. வண்டி மட்டும் குடுங்க, எடுத்துனு பூடறேன்" என்றாள்.

எங்கள் டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் டிரெய்லர், நாங்கள் சொல்கிற 'பொட்டி', அப்போதுதான் வாங்கிய புதுசு. அதில் வைக்கோலைப் பரப்பி, தெருவே சேர்ந்து தோணியை ஏற்றியது. வயலைவிட்டு ரோட்டுக்குத் திரும்பும்போது நீட்டிக்கொண்டிருந்த தோணியின் மூக்கு டிராக்டர் சக்கரத்தில் இடித்தது. உருண்டையான அடிவயிறு வைக்கோலில் நிற்காமல் புரண்டு, தோணி கால்வாயில் சரிந்தது. ஒரு பலகை விண்டுபோனது. நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள்.

கன்னியம்மா அழவில்லை. விண்ட இடத்தில் துணியைத் திணித்துக்கொண்டே, "தோணிய இன்னா பண்ண முடியும்? பொட்டியத்தான் மாத்தணும்" என்றாள்.

"இன்னாது? புதுப் பொட்டியயா?" என்றாள் அம்மா.

நைனா சிரித்தவர்களைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். "என் வண்டியிலேர்ந்துதான வுழுந்துச்சு. நான்தான் கொண்டுபோய் ஏரியில சேக்கணும்."

பின்கதவும் பக்கத் தகடுகளும் கழன்றன. வெல்டிங் பட்டறையில், பொட்டியை டிராக்டரோடு சேர்க்கும் இரும்புக் கையை அறுத்து, நடுவில் ஒரு தடித்த சட்டத்தை வைத்து நீளமாக்கினார் நைனா. இனி வண்டி திரும்பினாலும் தோணியின் மூக்கு இடிக்காது. தோணியின் வயிறு உட்கார வளைவான மரத்தாங்கிகள் வேண்டியிருந்தன. கன்னியம்மா கட்டுக்கம்பியைத் தோணியோடு ஒட்டி வளைத்து எடுத்து வந்து, பலகைமேல் வைத்துக் கரியால் கோடு போட்டாள். நான் பலகையின் முனையில் ஆடாமல் உட்கார்ந்துகொள்ள, நைனா அறுத்தார். முதலில் அறுத்தது ஆழம் போதவில்லை. அடுத்தது கோணிக்கொண்டது. நைனாவின் உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. "இன்னொரு பலகை எடு" என்பதைத் தவிர இருவரும் வேறு எதுவும் பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. கடைசியில், தாங்கிகளில் போட்ட வைக்கோல் சாக்குகளுக்குமேல் தோணி இறங்கி, தொட்டிலில் படுத்த பிள்ளை மாதிரி அசையாமல் நின்றது.

பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறையைத் தாண்டி நாங்கள் போனபோது ஜனங்கள் கடைகளைவிட்டு வெளியே வந்து பார்த்தார்கள். தோணிரேவில் நைனா பொட்டியைப் பின்பக்கமாகவே ஏரிக்குள் இறக்கினார். எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விடுமோ என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது தோணி தாங்கிகளைவிட்டுத் தானாக எழும்பி மிதந்துகொண்டிருந்தது. கன்னியம்மா தாவி ஏறி, கசிந்த தண்ணீரை இறைத்தபடி, "ஏறுங்கண்ணே" என்றாள்.

"எனக்கு நீச்சல் தெரியாதும்மா."

"எனக்குத் தெரியும். ஏறுங்க."

அத்தனை வருஷம் ஏரிக்குப் பக்கத்திலேயே விவசாயம் செய்த நைனா அன்றைக்குத்தான் முதல்முறையாக ஏரிமேல் போனார். பாய் காற்றில் புடைக்க ஒரு வட்டம் அடித்துவிட்டு நனைந்து இறங்கியவர், "இவ்ளோ எடம் கீது தண்ணிக்கு, எங்க வயல்தான் கெடச்சுதா?" என்று சொல்லிச் சிரித்தார். புயலுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அந்த நீண்ட கையோடு பொட்டியை எங்கள் தெருவில் திருப்புவது பெரும்பாடு. திட்டிக்கொண்டே திருப்பினாரே தவிர, அதை அறுத்துக் குட்டையாக்க அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை.

நைனா இப்போது இல்லை. எங்கள் வயல் இருந்த இடத்தில் மனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். தோணிரேவுக் கரையில் கட்டியிருப்பவையெல்லாம் ஃபைபர் படகுகள். போன மாதம் அங்கே கன்னியம்மாவைப் பார்த்தேன். காது சரியாகக் கேட்கவில்லை; என்னை அடையாளம் கண்டதும், "பொட்டி இன்னும் கீதாம்மா?" என்றுதான் முதலில் கேட்டாள். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம் என்று சத்தமாகச் சொன்னேன்.

"ஒரு வார்த்த சொல்லி அனுப்பக் கூடாதா? நான் வந்து எடுத்துனு வந்திருப்பேனே!"