வில்சன் அண்ணன் அந்தச் சிவப்புக் கோட்டைப் போட்டதே இல்லை

வில்சன் அண்ணன் போய்விட்டார். நேற்று மதியம், கட்டபெட்டில், அவர் வீட்டிலேயே. மாரடைப்பு.

குன்னூரில் நான் ரிசப்ஷனில் வேலை செய்யும் ஹோட்டலில் அவர் பியானோ வாசித்தார். ஹோட்டல் பெயரைப் போடவில்லை. பயம் இல்லை... இலவச விளம்பரம் எதற்கு.

இன்று காலை ஹோட்டலின் ஃபேஸ்புக் பக்கத்தில் அஞ்சலி போஸ்டர் வந்திருக்கிறது. "எங்கள் குடும்பத்தில் ஒருவர்." படத்தில் அண்ணன் பித்தளைப் பட்டன் வைத்த சிவப்புக் கோட்டில் இருக்கிறார்.

அது பொய். கம்ப்யூட்டரில் மாட்டிவிட்ட கோட்டு. உயிரோடு இருந்தவரை அவர் அதைக் கையால்கூடத் தொடவில்லை.

குடும்பமாம். முன்வாசல் வழியாக வரக்கூடாது, பின்கதவு. சாப்பாடு ஸ்டாஃப் மெஸ்ஸில். எந்த ஊர்க் குடும்பம் இது?

அந்த மெஸ்ஸில்தான் எங்கள் பழக்கம். சோற்றைப் பிசைந்துகொண்டே வெஸ்டர்ன் கிளாசிக்கல் எப்படியெல்லாம் மாறியது என்று சத்தமாகச் சொல்வார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார். பாதி தற்பெருமை.

டின்னருக்கு வாசிப்பதையும் அதே வரிசையில் வைத்திருந்தார். சூப்புக்கு, சர்ச்சில் வாத்தியமே இல்லாமல் வெறும் குரலில் பாடிய பழைய மெட்டு. ஸ்டார்ட்டருக்கு, ஜரிகை பின்னியதுபோன்ற அரண்மனைப் பாட்டு. மெயின் கோர்ஸுக்கு, அதன்பிறகு வந்த புயல். டெசர்ட்டுக்கு, போன நூற்றாண்டில் மெட்டையே உடைத்துப் போட்டவர்கள்.

சமையல் மாஸ்டர் முருகேசன் அண்ணன் கேட்பார். "ஏனுங் வில்சண்ணா, அந்த ஒடஞ்ச பாட்ட ஐஸ்கிரீமுக்கு வாசிக்காதீங்க. கிண்ணம் அப்படியே திரும்பி வருதுங்க."

"கிண்ணம் திரும்புனா உன்ர ஐஸ்கிரீமைப் பாரு. என்ர பாட்டக் கொற சொல்லாத."

ஒரு டூரிஸ்ட் அவரிடமே கேட்டார், எஸ்டேட் பக்கத்து ஆளுக்கு இதெல்லாம் எப்படி வரும் என்று. "உங்களுக்கு எப்படிங்க வராமப் போச்சு?" என்று கேட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். அவர் அம்மா கொழுந்து பறித்தவர். அதை மறைத்ததும் இல்லை, அதற்காகப் பரிதாபம் கேட்டதும் இல்லை.

போன சீசனில் புது மேனேஜர் வந்தார். ஹெரிடேஜ் லுக் வேண்டும் என்று வாட்ச்மேன், வெயிட்டர், பியானோக்காரர் எல்லோருக்கும் ஒரே சிவப்புக் கோட்டு.

ரிசப்ஷனில் என் எதிரிலேயே அண்ணன் மறுத்தார்.

"சார், அந்தக் காலத்துல அரமனையில வாசிச்சவனுக்கும் இப்படித்தான் கோட்டு மாட்டி வச்சிருந்தாங்க. எசமான் கூப்பிட்டா வாசிக்கோணும், மத்த நேரம் வேலக்காரங்களோட நிக்கோணும். அப்புறம் ஒவ்வொருத்தனாக் கழட்டிப் போட்டுட்டு வெளிய வந்தான். ஊர்சனம் டிக்கெட் வாங்கிக் கேட்டுச்சு. அப்பத்தான் பாட்டே மாறுச்சு... நீளமாச்சு, சத்தமாச்சு, கோவமாச்சு. அவன் கழட்டுனத எனக்கு மாட்டறீங்களா?"

"வில்சன், இது ஹெரிடேஜ். கெஸ்ட்டுக்குப் பிடிக்கும்."

"அப்ப கெஸ்ட்டயே போட்டுக்கச் சொல்லுங்க. சமையக்காரனோட சாப்பிடறது எனக்குக் கொறச்சல் இல்ல சார். அவனையும் என்னையும் பின்னால போன்னு சொல்றீங்களே, அதுதான்."

அன்று டின்னருக்கு, முழங்கையில் தையல் போட்ட அவருடைய பழுப்பு ஸ்வெட்டரில் வந்தார். பியானோ முன்னால் இருக்கை இல்லை. மேனேஜர் எடுத்து உள்ளே வைக்கச் சொல்லியிருந்தார்.

நின்றுகொண்டே சூப்புப் பாட்டை வாசித்தார்.

அது முடிவதற்குள் முருகேசன் அண்ணன் காய் நறுக்கும் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு டைனிங் ஹால் நடுவிலேயே நடந்து வந்தார். பீட்ரூட் கறை அப்படியே இருந்தது. "உக்காருங்ணா" என்று போட்டுவிட்டுப் போனார்.

அண்ணன் உட்கார்ந்தார். அரண்மனைப் பாட்டை அன்று வாசிக்கவே இல்லை. நேராகப் புயலுக்குப் போனார். ஸ்டார்ட்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார்கள். கைதட்டினார்கள், வீடியோ எடுத்தார்கள். அதற்குப் பிறகு மேனேஜரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த ஸ்டூல் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இன்று காலை அதே மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு மலர்வளையமும் ஒரு பையும் கொடுத்தார். பைக்குள் சிவப்புக் கோட்டு. "பாடிக்குப் போடச் சொல்லு. டிக்னிஃபைடா இருக்கும். ஒரு போட்டோ எடுத்து அனுப்பு."

செத்த பிறகாவது மாட்டிவிட வேண்டுமாம்.

கட்டபெட்டுக்குப் போனேன். அண்ணனின் மனைவி மேரி அக்கா, டீ ஃபேக்டரியில் வேலை. பையைத் திறந்து பார்த்தார்.

"என்ன கண்ணு இது?"

"கோட்டுங்க்கா. மேனேஜர் போடச் சொன்னாருங்க. முடியாதுன்னு நீங்க சொன்னா அப்படியே போய்ச் சொல்லிடறேன்."

அழுது வீங்கிய முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "இதப் போட்டா படுத்திருக்கறவரு எந்திரிச்சு ஓடிருவாரு." சிரிப்பு நின்றது. "இனி இவரு பேசமாட்டாருன்னு தைரியம் அந்தாளுக்கு. எனக்கு வாய் இருக்குன்னு போய்ச் சொல்லு."

பழுப்பு ஸ்வெட்டரைத் துவைத்துப் போட்டிருந்தார்கள். இந்த மழையில் எங்கே காயும்? வேறு ஏதாவது நல்ல சட்டை போடலாம், நேரமாகிறது என்றார் ஒரு சொந்தக்காரர். அக்கா ஸ்வெட்டரை அடுப்புக்கு மேலே விரித்துப் பிடித்தார். ஸ்வெட்டரின் ஒரு கையை நான் பிடித்துக்கொண்டேன்.

வெளியே முகம் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும்.

கோட்டு இப்போது மேனேஜர் நாற்காலியில் தொங்குகிறது. நான்தான் மாட்டினேன். அக்கா சொன்னதையும் சொல்லிவிட்டேன்.

இங்கே போட்டிருப்பதுதான் உண்மையான படம். அந்த ஸ்டூல், அந்த ஸ்வெட்டர். முருகேசன் அண்ணன் எடுத்தது. ஹோட்டல் போஸ்டரை ஷேர் செய்தவர்கள் தயவுசெய்து அதை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்.

நாளை காலை கட்டபெட்டில் அடக்கம். ஹோட்டல் ஆட்கள் யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு வாருங்கள். நான் லீவு கேட்கவில்லை... வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஸ்வெட்டர் நன்றாகக் காய்ந்துவிட்டது. போய்ட்டு வாங்க வில்சண்ணா.